கமராவோடு விமானம் ஏறும் சகோதரிகளுக்கு

அவிசாவளையிலிருந்து ஹட்டன் செல்லும் பஸ்ஸில் ஏறி, எட்டியாந்தோட்டையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கித்துல்கல வரும். ஒருபுறம் மலை, மறுபுறம் களனி கங்கை. இப்போது அந்த ஆற்றில் வெளிநாட்டுக்காரர்கள் காற்றடைத்த படகுகளில் பாறைகளுக்கிடையே பாய்ந்து விளையாடுகின்றார்கள். கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் இருக்கும் எமது வாசகிகள் பலர் அந்த வழியால் எத்தனையோ தடவைகள் போய் வந்திருப்பீர்கள். ஆனால் அந்த ஆற்றங்கரையில் எடுக்கப்பட்ட ஒரு படச்சுருளுக்கு நேர்ந்த கதையைக் கேள்விப்பட்டிருக்கின்றீர்களா?

1956ஆம் ஆண்டின் கடைசியிலும் 1957ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் டேவிட் லீன் என்ற ஆங்கிலேய இயக்குனர் பெரும் படக்குழுவோடு இலங்கையில் இருந்தார். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற படத்துக்காகக் கித்துல்கலவில் ஆற்றுக்குக் குறுக்கே உண்மையான மரப்பாலம் ஒன்றைக் கட்டினார்கள். கதைப்படி அந்தப் பாலம் ரயிலோடு சேர்ந்து வெடித்து ஆற்றில் விழ வேண்டும். இன்றைய காலமென்றால் கணினியில் செய்துவிடுவார்கள். அப்போது அப்படியில்லை. ஒரே பாலம், ஒரே ரயில், ஒரே தடவைதான். ஆகவே பல திசைகளில் பல கமராக்களை வைத்தார்கள்.

1957 மார்ச் மாதத்தில் ஒரு நாள், அப்போதைய பிரதமர் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பிரமுகர்களும் பார்த்திருக்க, ரயிலை ஓடவிட்டார்கள். ஒளிப்பதிவாளர்களில் ஒருவரால் நேரத்துக்கு ஒதுங்க முடியவில்லை. ஓர் உயிர் போய்விடக்கூடும் என்பதால் இயக்குனர் வெடிக்க வைப்பதை நிறுத்திவிட்டார். ரயிலோ நிற்காமல் பாலத்தைக் கடந்து, அப்பால் இருந்த மின்பிறப்பாக்கியில் போய் மோதியது. அதைத் திருத்தி எடுத்து மறுநாள் காலையில்தான் பாலத்தைத் தகர்த்தார்கள். இத்தனை செலவு செய்த வேலையை ஒரு மனிதருக்காக நிறுத்தினார்களே, அது எமக்குப் பிடித்திருக்கின்றது.

உண்மையான கண்டம் அதன் பிறகுதான் வந்தது. வழமையாகப் படச்சுருளைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்புவார்கள். சுயெஸ் கால்வாய் நெருக்கடியால் அந்தக் கப்பல் வழி அடைபட்டுக் கிடந்தது. ஆகவே விமானத்தில் சரக்காக அனுப்பினார்கள். லண்டனில் பெட்டிகள் வந்து சேரவில்லை. உலகம் முழுவதும் தேடி, ஒரு வாரத்தின் பின் எகிப்தின் கெய்ரோ விமான நிலையத்தில், திறந்த வெளியில், கொதிக்கும் வெயிலில் அவை கிடக்கக் கண்டார்கள் என்று சினிமா வரலாறு எழுதுவோர் சொல்கின்றார்கள். வண்ணப் பிலிமுக்குச் சூடு ஆகாது. எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் கழுவிப் பார்த்தபோது ஒரு காட்சிகூடக் கெட்டிருக்கவில்லை. அந்தப் படம் 1958இல் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றில் ஒன்று ஒளிப்பதிவுக்கானது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தப் படம் ஜப்பானிய இராணுவம் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதையைப் பற்றியது. அந்தப் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் சாகவில்லை. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட எமது தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் காய்ச்சலாலும் பட்டினியாலும் அங்கே மாண்டார்கள். அது ‘சயாம் மரண ரயில்’ என்று இன்றும் மலேசியத் தமிழர்களால் பேசப்படுகின்றது. இறப்பர் மரங்கள் சூழ்ந்த கித்துல்கலவில் எடுத்த அந்தப் படத்தில் அவர்களின் கதைக்கு இடமில்லை. கமரா யார் கையில் இருக்கின்றதோ அவருக்குத் தெரிந்த கதைதான் படத்தில் வரும்.

இன்று எமது தோட்டங்களிலும் கமரா பெண்களின் கைக்கு வந்துகொண்டிருக்கின்றது. மஞ்சள் நீராட்டு விழாவிலும் மணப்பெண் அலங்காரத்திலும் அறைக்குள்ளே ஓர் ஆண் கமராவோடு நிற்பதைப் பெண்கள் விரும்புவதில்லை. ஆகவே படம் எடுக்கத் தெரிந்த தங்கைக்கு நல்ல கேள்வி இருக்கின்றது. ஆனால் கமரா மலிவான பொருளல்ல. 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்ததிலிருந்து ஓர் உடலும் இரண்டு லென்சும் வாங்குவதென்றாலே பல இலட்சங்கள் வேண்டும். பெரும்பாலும் அது கடன். சங்கத்தில் எடுத்த கடன், நகையை அடைவு வைத்த கடன். கமரா உடைந்தாலோ தொலைந்தாலோ தவணை நிற்காது. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

‘எங்களுக்கு எங்கே விமானம்’ என்று கேட்கலாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எமது தோட்டங்களிலிருந்து இந்தியா போன குடும்பங்கள் நீலகிரியிலும் தமிழ்நாட்டின் வேறு பகுதிகளிலும் இருக்கின்றன. 1977, 1981, 1983 வன்செயல்களால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கேயும் யுத்தத்தில் அகப்பட்டு, அங்கிருந்து கடல் கடந்த சொந்தங்களும் உண்டு. இறக்குவானையில் இருக்கும் ஒரு தங்கை, கூடலூரில் இருக்கும் பெரியம்மா மகளின் கல்யாணத்துக்குத் தன் கமராவோடு புறப்படுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது வளைகுடா நாட்டில் வீட்டு வேலை முடித்து வரும் அக்கா, மகளின் தொழிலுக்கென்று அங்கே ஒரு கமரா வாங்குகின்றாள். இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, கமராவையும் லென்சையும் ஒருபோதும் கீழே போடும் பொதியில் வைக்காதீர்கள். கரும பீடத்தில் ஒப்படைக்கும் பயணப்பொதி பட்டியில் உருண்டு, வண்டியில் ஏறி, விமானத்தின் வயிற்றுக்குள் போகின்றது. வழியில் அதை எறிபவர்களுக்கு உள்ளே கண்ணாடி இருப்பது தெரியாது. விலையுயர்ந்த பொருட்கள் அந்தப் பொதியில் இருந்து காணாமற் போனால் தமக்குப் பொறுப்பில்லை என்று பல விமான நிறுவனங்கள் பயணச்சீட்டு நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

கையில் கொண்டுபோகும் பொதிக்கோ எடை அளவு உண்டு. சாதாரண வகுப்பில் பல நிறுவனங்கள் 7 கிலோதான் அனுமதிக்கின்றன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைவதைப் பார்த்துப் பழகிய எமக்கு, விமான நிலையத்துத் தராசில் கிலோ கூடுவது புதினமாக இருக்கும். இரண்டு கமரா, மூன்று லென்ஸ், மின்னொளி விளக்கு, மடிக்கணினி என்று சேர்த்தால் 7 கிலோவை எளிதாகத் தாண்டிவிடும். வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். கூடினால் கனமான லென்ஸ் ஒன்றைப் பெரிய பைகள் வைத்த மேற்சட்டையில் போட்டுக்கொள்வது படக்காரர்கள் எல்லோரும் செய்யும் வேலைதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று கால் தாங்கி, விளக்குத் தாங்கி, சார்ஜர், வயர் என்பவை கீழே போகலாம். அவற்றைச் சேலைகளுக்கு நடுவே சுற்றி வையுங்கள். நல்ல பழைய நூல் சேலையைவிடச் சிறந்த பஞ்சணை கடையில் இல்லை.

இரண்டாவது பற்றரி. தொண்ணூறுகளில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த சகோதரிகளுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். விமானத்தில் பற்றரிக்குத் தடையில்லை. ஆனால் எங்கே வைப்பது என்பதில் கடுமையான விதி உண்டு. கமராவுக்குப் போடும் லித்தியம் பற்றரி சூடேறித் தீப்பிடித்தால் இலகுவில் அணையாது. கையருகே எரிந்தால் பணியாளர்கள் உடனே கண்டு அணைப்பார்கள். கீழே பொதிகளுக்கிடையே எரிந்தால் யாராலும் கிட்டப் போய் அணைக்க முடியாது. ஆகவே தனியாக இருக்கும் மேலதிக பற்றரிகளும் பவர் பேங்கும் கைப்பொதியில் மட்டுமே போக வேண்டும். கீழே போடும் பொதியில் வைத்தால் ஸ்கேனரில் கண்டு, உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். பொதி பின்தங்கிப் போவதும் உண்டு.

அளவு ‘வாட் – மணி’யில் சொல்லப்படுகின்றது. 100 வாட் – மணி வரை தாராளமாகக் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணிகளுக்கு இடமில்லை. உங்கள் பற்றரியில் அந்த எண் அச்சிடப்பட்டிராவிட்டால் வோல்ட்டை மில்லி அம்பியர் – மணியால் பெருக்கி 1000ஆல் வகுத்துப் பாருங்கள். சாதாரணக் கமரா பற்றரி 7.2 வோல்ட், 1865 மில்லி அம்பியர் – மணி என்றால் 13.4 வரும். பயப்படத் தேவையில்லை. வீடியோ விளக்குக்குப் போடும் தடித்த பற்றரி ஐம்பதுக்குக் கிட்ட வரும். அதுவும் சரி. ஒவ்வொன்றின் முனையையும் ஒட்டுநாடாவால் மூடி, தனித்தனிச் சிறு பையில் போடுங்கள். சாவியோ சில்லறைக் காசோ முனையில் பட்டால்தான் ஆபத்து.

பவர் பேங்க் விடயத்தில் இப்போது கெடுபிடி கூடியிருக்கின்றது. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் பூசான் நகரில், புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. மேலே பை வைக்கும் இடத்தில் இருந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என விசாரணையாளர்கள் கூறினார்கள். அதன் பின் பல நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பாவிப்பதைத் தடுத்தன. டுபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட் – மணிக்குக் குறைந்ததுதான், பறக்கும்போது பாவிக்கக் கூடாது என்று விதித்தது. வளைகுடாவிலிருந்து வரும் அக்காமார் இதைக் கவனிக்க வேண்டும்.

பலாலியில் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. இடையில் கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. இந்த வழியில் பறப்பவை சுழல்விசிறி வைத்த சிறிய விமானங்கள். தலைக்கு மேலே பை வைக்கும் இடம் அவற்றில் சிறியது. விமானத்தின் வாசலில் வைத்தே ‘இந்தப் பையைக் கீழே போடுகின்றோம்’ என்று வாங்கிவிடக்கூடும். அவசரத்தில் கொடுத்துவிடாதீர்கள். கமராப் பையைப் பெரிய பைக்குள் தனியாக எடுக்கக்கூடியதாக வைத்திருந்தால் அதை மட்டும் உருவி மடியில் வைத்துக்கொள்ளலாம். பற்றரிகளையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். ‘இதில் கண்ணாடியும் லித்தியம் பற்றரியும் இருக்கின்றன’ என்று சொன்னால் பணியாளர்களுக்கு விளங்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பற்றரியைக் கையில் எடுத்துக் காட்டினாலே போதும்.

சுங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போகும்போது யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். திரும்பும்போதுதான் ‘இது அங்கே வாங்கியதா?’ என்ற கேள்வி வரும். புதிதுபோல் பளபளக்கும் கமராவை வைத்துக்கொண்டு, ‘இல்லை, போன வருசம் கொழும்பில் வாங்கினேன்’ என்று வாயால் சொன்னால் போதாது. வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியும், கமராவின் அடியிலும் லென்சின் ஓரத்திலும் பொறித்திருக்கும் தொடர் இலக்கங்களை எழுதிய ஒரு தாளும் கையில் இருக்கட்டும். கட்டுநாயக்கவில் புறப்படுமுன் சுங்கப் பீடத்தில் அவற்றைக் காட்டிப் பதியக் கேளுங்கள். வெளிநாட்டில் வாங்கி வருபவர்களுக்குத் தீர்வை விலக்கு உண்டு. அதன் அளவு நீங்கள் வெளியே இருந்த காலத்தைப் பொறுத்து மாறும். அளவைத் தாண்டினால் சிவப்பு வழியால் போய்ச் சொல்லிவிடுவதே நல்லது. பச்சை வழியில் போய் அகப்பட்டால் பொருளும் போகும், தண்டமும் வரும். விமானத்தில் பழகிய யாரோ ஒருவர் ‘இந்தக் கமராவை வெளியே மட்டும் கொண்டுவந்து தாங்கோ தங்கச்சி’ என்றால் வாங்கவே வேண்டாம்.

இந்தியா போகும் தங்கைமாருக்கு இன்னும் இரண்டு வார்த்தைகள். டிரோனைக் கொண்டுபோகாதீர்கள். 2022 பெப்ரவரியில் இந்தியா வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. சுங்கத்தில் வைத்துவிட்டு அழுதுகொண்டு வர நேரும். மற்றையது, உல்லாசப் பயண விசாவில் போய்ச் சொந்தக்காரரின் கல்யாணத்தில் படம் எடுப்பது வேறு, கூலிக்கு எடுப்பது வேறு. கூலிக்கு எடுக்க அந்த விசா இடம்தராது. இதைச் சொல்லாமல் மறைத்து ஆட்களைக் கூட்டிச் செல்லும் தரகர்கள் இருக்கின்றார்கள். அகப்பட்டால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவது உங்களுக்குத்தான், அவர்களுக்கு அல்ல.

சரி, எவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு பொதி உடைந்தோ தொலைந்தோ போனால்? விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பொதி வரும் பட்டிக்கு அருகிலேயே முறைப்பாட்டுப் பீடம் இருக்கும். அங்கே படிவம் நிரப்பி, இலக்கத்தோடு பிரதி வாங்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி சேதத்தை 7 நாட்களுக்குள்ளும், பொதி பிந்தியதால் வந்த நட்டத்தை 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நட்டஈட்டுக்கு உச்ச எல்லையும் உண்டு. 2024 டிசம்பர் 28இலிருந்து அது ஒரு பயணிக்கு 1519 ‘எஸ்.டி.ஆர்’, அதாவது ஏறக்குறைய 2000 அமெரிக்க டொலர். அது எல்லைதான், கையில் வரும் தொகையல்ல. பொதியில் என்ன இருந்தது, என்ன விலை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆகவே மூடுமுன் பொதியைத் திறந்து வைத்துத் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். படக்காரிக்கு இது பெரிய வேலையா என்ன! கடன் வாங்கிக் கமரா வாங்கியவர்கள் காப்புறுதியும் எடுப்பது நல்லது. ஆனால் வெளிநாட்டுப் பயணத்தின்போதும் அது செல்லுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கமராவைவிட அருமையானது ஒன்று அந்தப் பையில் இருக்கின்றது. கல்யாணத்தை எடுத்த மெமரி கார்ட். கெய்ரோவில் கிடந்த பெட்டியின் விலை தகரத்தின் விலையல்லவே. ஊர் திரும்புமுன் படங்களை இன்னொரு கார்டிலோ சிறு ஹார்ட் டிஸ்கிலோ பிரதி எடுத்து, ஒன்று உங்கள் உடம்போடும் மற்றது பையிலும் வரட்டும். முடிந்தால் மூன்றாவதைக் கல்யாண வீட்டிலேயே விட்டு வாருங்கள். சோதனை ஸ்கேனர் மெமரி கார்டுக்கோ, அச்சிட்ட படத்துக்கோ, கழுவிய நெகட்டிவுக்கோ ஒன்றும் செய்யாது. கழுவாத பிலிமுக்குத்தான் கெடுதி. பெரிய பொதிகளைப் பார்க்கும் ஸ்கேனரும், சில விமான நிலையங்களில் கைப்பொதிக்கும் வந்துவிட்ட புதுவகை ஸ்கேனரும் அதைப் புகைபடியச் செய்துவிடும். இன்னும் பிலிமில் எடுப்பவர்கள் கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும்.

நெகட்டிவ் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகின்றது. எம்மில் பலரிடம் காணாமற் போன மகனின், கணவனின், தங்கையின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கின்றது. அல்பம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எரிந்தோ நனைந்தோ போய், சட்டைப்பையிலோ அடையாள அட்டை உறையிலோ தப்பிய ஒரு படம். ஆணைக்குழுக்களுக்கும் கூட்டங்களுக்கும் அதைத்தான் கொண்டு அலைகின்றோம். ஜெனீவா வரைக்கும் கொண்டுபோன தாய்மாரும் இருக்கின்றார்கள். கமரா வைத்திருக்கும் தங்கைமாரே, உங்கள் லயத்தில், உங்கள் ஊரில் அப்படி ஓர் அம்மா இருந்தால், அவர் எங்காவது புறப்படுமுன் அந்தப் படத்தைப் படமெடுத்துக் கொடுங்கள். சட்டகத்தில் போட்டிருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கழற்றவே வேண்டாம், அப்படியே எடுங்கள். வெயில் நேரே விழாத வாசலடியில், தரையில் வெள்ளைத் துணி விரித்து, படத்துக்கு நேர் மேலே கமராவைப் பிடித்து, மின்னொளி போடாமல் எடுத்தால் பளபளப்பு விழாது. கிழிந்த ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். இரண்டு மூன்று பிரதி அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஊரும் படம் எடுத்த ஆண்டும் எழுதிக் கொடுங்கள். பேனை மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். பயணத்துக்குப் பிரதி போகட்டும். அந்த ஒரு படம் வீட்டிலேயே, பெட்டிக்குள், ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும்.